கறுப்பாகவே நின்ற ஆறாவது ஷரத்து

சுதர்மாவுக்கு எதையும் அழிக்க மனம் வராது. தொழிற்சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளின் பெயர்களை வாசித்தால் எனக்குத் தலை சுற்றும். 'ஒப்பந்தம்', 'ஒப்பந்தம் திருத்தியது', 'ஒப்பந்தம் கடைசி', 'ஒப்பந்தம் கடைசி சகாவு சொன்னது', 'ஒப்பந்தம் இதுதான் கடைசி'. எதற்கு இவ்வளவு குப்பை என்று கேட்டால், "கெடந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. சோறா திங்குது?" என்பாள்.

அந்தச் சங்க ஆபீஸுக்குக் கீழே கிளிகொல்லூரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. செங்கோட்டையிலிருந்து ரயிலேறி மலையாளக் கரைக்கு வந்தவன் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் அண்ணாச்சிதான். என் பெயர் ஞாபகம் உள்ளவர்கள் மின்சார ஆபீஸ்காரர்கள் மட்டும். சங்கத்தில் பிரிண்டர் கிடையாது. ஒவ்வொரு காகிதத்துக்கும் சுதர்மா பதினாலு படி இறங்கி வருவாள். கழுத்தில் கயிறு கட்டி பென் டிரைவ் தொங்கும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, "முடியலை அண்ணாச்சி" என்பாள். மற்றவர்கள் வணக்கம் சொல்கிற இடத்தில் அவள் சொல்வது அதுதான். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். நன்றாகத்தானே நடந்து வருகிறாள், என்ன முடியவில்லை என்று நினைப்பேன்.

அவள் கையைச் சரியாகப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதை விட்டேன். பதினெட்டு வயதில் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரிக் கம்பெனிக்கு, வேலைக்குப் போனவள். வறுத்த முந்திரிக்கொட்டையைத் தட்டி உடைக்கும்போது தெறிக்கிற பால் தோலைத் தின்றுவிடும். எத்தனை சாம்பல் பூசிக்கொண்டாலும் தின்னும். சின்ன வயதில் மலையாளம் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினவள், இப்போது இரண்டே விரலால் அடிக்கிறாள். மற்ற விரல்கள் முழுதாக மடங்காது.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தக் கம்பெனியைப் பத்து மாதம் பூட்டிப் போட்டார்கள். பூட்டிய நாளில் சுதர்மா கை வீங்கி லீவு போட்டு மருந்து வாங்கப் போயிருந்தாள். மறுபடி திறந்தபோது எழுதின ஒப்பந்தத்தில், பூட்டிய அன்று வேலையில் இருந்தவர்களை மட்டுமே திரும்ப எடுப்பதாக இருந்தது. ஒன்பது பேர் வெளியே நின்றார்கள். அதில் ஒருத்தி சுதர்மா. சங்கச் செயலாளர் யசோதரன், இங்கே எல்லோருக்கும் சகாவு, அதாவது தோழர், அவளை மட்டும் கூப்பிட்டு மேலே ஒரு நாற்காலி கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு மே தினத்திலும் மேடையில் நின்று, "கம்பெனி வெளிய தள்ளுச்சு, சங்கம் உள்ள இழுத்துச்சு, இதோ நம்ம சுதர்மா!" என்று கை காட்டுவார். அவள் பின்வரிசையில் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சங்கத்தின் பழைய கம்ப்யூட்டர் செத்தபோது, புதியதில் இலவச மென்பொருள்களைப் போட்டுக் கொடுத்தது நான்தான். பழைய எழுத்தில் இருந்த கோப்புகளையெல்லாம் புதிய எழுத்துக்கு மாற்றியும் கொடுத்தேன். யசோதரன் அதற்கும் ஒரு கூட்டம் போட்டார். "எந்த முதலாளியும் பூட்டுப் போட முடியாத மென்பொருள் சகாக்களே!" என்று அரை மணி நேரம். சுதர்மாவுக்கு அந்தப் பேச்சில் ஈடுபாடு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிடித்தது அதில் இருந்த ஒரே ஒரு வசதி. இரண்டு கோப்புகளை ஒத்துப்பார்க்கிற வசதி.

அதற்கு முன்னால் ஒத்துப்பார்ப்பது என்றால் வாசிப்பதுதான். ஒரு பிரதியை யசோதரன் வாசிக்க, மற்றதில் சுதர்மா பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வரவேண்டும். யசோதரனுக்கு எதையும் மேடையில் நிற்பது போலத்தான் வாசிக்க வரும். தெரிந்த வரிகளைத் தாண்டிப் போவார். மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். அவர் விழிக்கும் வரை இவள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நான் ஒரு நாள் மத்தியானம் மேலே போய்க் காட்டிக் கொடுத்தேன். புதிய கோப்பைத் திற, திருத்தம் என்கிற இடத்தில் ஒத்துப்பார் என்று சொல், பழைய கோப்பைக் காட்டு. எடுத்த வரி நிறம் மாறிக் குறுக்கே கோடு வாங்கும். சேர்த்த வரிக்கு அடியில் கோடு விழும். மாறாதது கறுப்பாகவே இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "இது தூங்காது, இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்றை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன கர்க்கடகத்தில், நம் ஆடி மாதத்தில், நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியை மறுபடி பூட்டிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பெண்கள் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போய்க் கால்வாயில் புல் பறித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் லேபர் ஆபீஸர் ஷெமீனா மேடம் முன்னால் பேச்சு முடிந்தது. சிங்கம், அதாவது ஆவணி, ஒன்றாம் தேதி திறப்பது, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் எடுப்பது, ஓணத்துக்கு முன்னால் எல்லோரும் உள்ளே இருப்பது. கம்பெனி சார்பில் மானேஜர் கோசி தலையாட்டினார். பேசியதை எழுதுவது மட்டும் பாக்கி. எழுதுவது எப்போதும் சங்கம்தான். கம்பெனியில் ஆள் இல்லாமல் இல்லை. சுதர்மா இருக்கும்போது நாம் எதற்குக் கை வலிக்க அடிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஒப்பந்தம் அடிக்கிறவர்கள் யாரும் வெறும் பக்கத்தில் ஆரம்பிக்க மாட்டார்கள். பழைய ஒப்பந்தத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதன் மேலேயே தேதியையும் பெயரையும் மாற்றிக்கொண்டு போவார்கள். பத்திரம் எழுதுகிறவர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் அப்படித்தான். நான் கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் அப்படித்தான். ஒரு தடவை குண்டறை ஊர் மாப்பிள்ளைக்கு, அதற்கு முந்தின வாரத்து மாப்பிள்ளையின் வீட்டுப் பெயரைப் போட்டு முந்நூறு பத்திரிகை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பெண்வீட்டார் கையில் மாட்டாமல் இரண்டு நாள் கடையைப் பூட்டி வைத்தேன்.

அந்த வாரம் சுதர்மாவின் தலையில் மாவட்ட மாநாட்டுக் குறிப்புகள், பென்ஷன் விண்ணப்பங்கள், ஃப்ளெக்ஸ் வாசகம் எல்லாம் ஒன்றாக விழுந்திருந்தன. போதாததற்கு மழைக்காய்ச்சல். இரண்டாயிரத்து ஒன்பது ஒப்பந்தத்தைத் திறந்து ஒரே மூச்சில் மேலே மேலே அடித்து முடித்தாள். யசோதரன் அதை பென் டிரைவில் கொண்டுபோய்க் கோசியிடம் கொடுத்தார். இரண்டு நாளில் சுத்தப் பிரதி என்று கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைக் கேட் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம். யசோதரன் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று வாசித்தார். நானும் பிரதிகள் கொடுக்கப் போயிருந்தேன். ஆறாவது ஷரத்து வந்தது. கம்பெனி பூட்டப்பட்ட அன்று வேலையில் இருந்த தொழிலாளர்கள் அனைவரும் திரும்ப எடுக்கப்படுவார்கள். அவர் அதே குரலில் ஏழுக்குப் போய்விட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் மூத்தவள் ஜகதம்மா எழுந்து நின்றாள்.

"நில்லும் சகாவே. ஏழு ஓடிப் போவாது. ஆற இன்னொருக்க வாசியும்."

அவர் வாசித்தார்.

"பூட்டுன அன்னைக்கி நான் எங்க இருந்தேன்? எம் மவ பிரசவத்துக்கு லீவு எழுதிக் குடுத்துட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடந்தேன். அப்ப நான் யாரு? ரோட்டுல போறவளா?"

பின்னாலிருந்து இன்னொருத்தி, எனக்கு டெங்கு என்றாள். இன்னொருத்தி, மாமியார் செத்துப் பதினாறு என்றாள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தோரு கைகள் மேலே இருந்தன. யசோதரன் காகிதத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் வாசித்தேன் என்று சொல்ல அவரால் ஆகாது. குரல் தானாக உயர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சகாக்களே! ஒத்துக்கிட்டது ஒண்ணு, கம்பெனி எழுதிக் கொண்டாந்தது ஒண்ணு! நம்ம பேப்பர்ல கள்ளத்தனமா கைய வச்சிருக்கான்!"

அவ்வளவுதான். முழக்கம், கேட்டில் உட்காருதல், கொடி. துறைமுகத்திலிருந்து வறுக்காத பச்சை முந்திரிக்கொட்டை ஏற்றி வந்த லாரி சாயங்காலம் வரை நின்று திரும்பிப் போயிற்று. கோசி ஓடி வந்து, "அட்ரஸ் மட்டுந்தான் மாத்தினோம், பைபிள் மேல சத்தியம்" என்றார். யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் முதலாளி கொட்டையைக் களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்ப் பக்கம் அனுப்பிவிடுவார் என்றும் சொன்னார். உடனே எல்லாப் பெண்களும் நானே மூட்டை சுமப்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி ஊருக்குத்தான் போவுதாம். ராத்திரி பாயாசம் வைப்பாரு."

"எங்க ஊரு செங்கோட்டை. அதுக்கும் களியக்காவிளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ஷெமீனா மேடம் இரண்டு தரப்பையும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார். அவரவர் கோப்பைக் கொண்டுவர வேண்டும், என் மேசையிலேயே ஒத்துப்பார்த்தால் யார் கை வைத்தது என்று தெரிந்துவிடும் என்றார். சொன்னது நியாயம்தான். யசோதரன் கேட்டில் நின்று, "அந்தப் பொட்டி சொல்லும் யாரு கள்ளன்னு!" என்று அறிவித்தும்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் சோற்று நேரம் முடிந்து சுதர்மா இறங்கி வந்தாள். "முடியலை அண்ணாச்சி. மேல சந்தைக்கடையா கெடக்கு. சகாவு முன்னாடியே ஒருக்க ஒத்துப்பாத்து வைக்கச் சொன்னாரு" என்று என் மெஷினில் உட்கார்ந்தாள். கம்பெனிக் கோப்பைத் திறந்தாள். தான் அனுப்பிய கோப்பைக் காட்டினாள். மேலே கம்பெனி முகவரியில் ஒரு வரி நிறம் மாறியது. கீழே போனாள். மூன்று பக்கமும் கறுப்பு. ஆறாவது ஷரத்தும் கறுப்பு. மூடிவிட்டு மறுபடி செய்தாள். அப்புறம் இன்னொரு தடவை.

"மெஷினுக்கு ஏதும் கோளாறா இருக்கும்" என்றேன்.

"இது தூங்காது அண்ணாச்சி." அவள் குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "தூங்கினது வேற ஆளு."

அழிக்காமல் வைத்திருந்த இரண்டாயிரத்து ஒன்பது கோப்பைத் தேடி எடுத்தாள். அதோடு ஒத்துப்பார்க்க மெஷினுக்குச் சொன்னாள். இப்போது பக்கம் முழுவதும் நிறம். தேதி, பெயர்கள், ஆட்களின் எண்ணிக்கை, வேலை நேரம் எல்லாம் அடிபட்டும் அடிக்கோடு வாங்கியும் கிடந்தன. நடுவில் ஆறாவது ஷரத்து மட்டும் நான்கு வரியும் கறுப்பாகவே நின்றது. பதினாலு வருடமாக அதில் யார் விரலும் படவில்லை. இத்தனை நாளும் நிறம் மாறிய இடத்தைத் தேடியே எனக்குப் பழக்கம். மாறாத இடம்தான் தப்பு என்று ஒரு நாள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இந்த வரி எனக்கு மனப்பாடம் அண்ணாச்சி. என்னைய வெளிய நிறுத்துன வரி இல்லியா. எத்தன நாளு வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிக் கெடந்திருக்கேன். அத எங் கையாலயே தாண்டிப் போயிருக்கேன் பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள் மேலேயே காட்டினேன். "உன் கண்ணு எங்க போச்சு?"

"தெரியலயே. அந்த வாரம் கண்ணும் நானும் ஒரு எடத்துல இல்ல" என்றாள்.

கேட்டிருக்கக் கூடாது. எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்துக் கடையிலிருந்து பால் இல்லாத ஒரு கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தேன். அது ஆறுகிற வரை அவள் தொடவில்லை.

யசோதரன் என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கி வந்தார். அவள் சொன்னாள், காட்டினாள். அவர் காகிதக் கட்டு மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் ஆறாவது ஷரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடைக் குரல் எல்லாம் போய், சாதாரண மனிதரின் குரலில் பேசினார்.

"சுதர்மா, நம்ம கோப்புல அந்த ஒரு வரிய இப்ப மாத்திரு. பதிவேட்டுல பேரு உள்ள எல்லாரும்னு போடு. நாளைக்கி ஒத்துப்பாத்தா அவங்க கோப்புல செவப்பு நிக்கும். அவங்களும் வாய மூடிட்டு எல்லாரையும் எடுப்பாங்க. யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. "செய்தா என்ன?" என்றேன்.

"கோசிக்கு?" என்று கேட்டாள்.

"அவனுக்கென்ன, மானேஜரு. நாலு ஏச்சு கேப்பான். கேட்டுப் பழக்கம்தான."

சுதர்மா பென் டிரைவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "சகாவே, எனக்கு ஏற்கெனவே நெனப்புல வச்சிக்கிட நெறய கெடக்கு. மாத்திர முழுங்குற நேரம், பென்ஷன் பேப்பரு தேதி, கேஸ் நம்பரு. இனி ஒரு பொய்யையும் தூக்கிட்டு நடக்கணும்னா எனக்குத் தெம்பு இல்ல."

"அப்ப கேட்டுல எந் தல உருளுமே?"

"எம் பேரச் சொல்லுங்க. நான்தான அடிச்சேன்."

அவர் படியேறிப் போனார். இதை வைத்து அவளை உத்தமி என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. அவள் அன்று அலுத்துப் போயிருந்தாள். அந்த அலுப்பில் பொய் சொல்லக்கூட இடம் இல்லாமல் போய்விட்டது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

வியாழக்கிழமை லேபர் ஆபீஸுக்கு நானும் போனேன். பிரதி எடுக்க ஆள் வேண்டும் என்பது சாக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் ஷெமீனா மேடம், இந்தப் பக்கம் கோசி, யசோதரன், பெண்கள் சார்பில் ஜகதம்மா. சுதர்மா ஓரத்து பெஞ்சில். மேடத்தின் கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருள்தான். அவரே இரண்டு கோப்பையும் வாங்கி ஒத்துப்பார்த்தார். திரையை எல்லோருக்கும் திருப்பி வைத்தார். முகவரி ஒன்றுதான் நிறம் மாறியிருந்தது.

கோசி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மேடம் யசோதரனைப் பார்த்தார். யசோதரன் மின்விசிறியைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வாரா என்று நான் மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். சுதர்மா எழுந்து நின்றாள்.

"கம்பெனி ஒண்ணும் மாத்தல மேடம். பழைய ஒப்பந்தத்துக்கு மேலயே அடிச்சேன். ஆறாவத மாத்தாம விட்டது நான். அந்தப் பழசும் கொண்டாந்திருக்கேன், வேணும்னா பாருங்க."

மேடம் அதையும் ஒத்துப்பார்த்தார். நிறங்களுக்கு நடுவில் அந்த நான்கு கறுப்பு வரி இந்தத் திரையிலும் அப்படியே நின்றது. ஜகதம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி சுதர்மா! நாப்பத்தோரு பேர நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தியே! ஃபேனுக்கடியில உக்காந்து அடிக்கிறவளுக்கு வெளிய நிக்கிறவ பாடு என்னட்டி தெரியும்?"

"தெரியும் சேச்சி" என்றாள் சுதர்மா.

பதினாலு வருடத்துக்கு முன் கேட்டுக்கு உள்ளே போனவள் ஜகதம்மா, அதே கேட்டுக்கு வெளியே நின்றவள் சுதர்மா. இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கொட்டை தட்டினவர்கள். ஜகதம்மா மெதுவாக உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"கம்பெனிக்கு இந்த வரி வேணுமா?" என்று மேடம் கோசியைக் கேட்டார்.

"எங்களுக்கு எதுக்கு மேடம்? அடிச்சித் தந்தாங்க. எங்க அட்ரஸ் சரியான்னு பாத்தோம். மத்தத யாரு வாசிச்சா? எல்லாரையும் எடுக்கிறதாத்தான பேச்சு."

மேடமே அந்த வரியை மாற்றினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் வெளியே போய்ப் பிரதி எடுத்து வந்தேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு நாள் முழக்கமும் திரும்பிப் போன லாரியும் இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தானா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கிளம்பும்போது சுதர்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "கோசி சாரே, ஒண்ணு கேக்கட்டுமா? ரெண்டாயிரத்தி ஒம்பதுல இந்த வரிய கம்பெனி கேட்டு வாங்குச்சா?"

கோசி அந்த நாளில் கம்பெனியில் ஆள் எண்ணுகிற வேலையில் இருந்தவர். கொஞ்சம் யோசித்தார். "இல்லியே. அன்னைக்கும் பேப்பரு உங்க சங்கத்துல இருந்துதான் வந்துச்சு. ஒம்பது பேரு கொறையுதேன்னு நாங்களே பேசிக்கிட்டோம். சங்கமே எழுதியிருக்கு, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டோம்."

சாதாரண விஷயம் சொல்வது போலத்தான் சொன்னார். ஜகதம்மா மட்டும் "எம் பகவதியே" என்றாள்.

திரும்பும்போது ஒரே ஆட்டோவில் சுதர்மா, யசோதரன், நான் மூன்று பேரும். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து யசோதரனின் குரல் கேட்டது.

"எழுதினது நான்தான் சுதர்மா. சீக்கிரம் தொறக்கணும்னு அவசரம். லீவுல ஆளு இருப்பாங்கங்கிறது எனக்குத் தோணவே இல்ல. ஒம்பது பேரு வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டாச்சு."

"பொறவு கம்பெனிகிட்ட சொல்லியிருக்கலாம்."

"சங்கத்துக்குத் தப்புப் போச்சுன்னு எப்பிடி சொல்ல?"

கிளிகொல்லூர் ரயில்வே கேட் போட்டிருந்தது. ஆட்டோ நின்றது. சுதர்மா கேட்டாள்: "அது தெரிஞ்சுதான் எனக்கு அந்த நாற்காலியத் தந்தீங்களா?"

அவர் ரயில்வே கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சரக்கு வண்டி மெதுவாகப் போய் முடிந்தது. பதினாலு மே தினம் அந்த மனிதர் அவளைக் கை காட்டிப் பேசியதை நான் கடை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். கைதட்டியும் இருக்கிறேன். இறங்கி அவர் சட்டையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் முகம் அழுகிற முகமாக இருந்தது. முன்னால் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு இப்பக் கோவப்படத் தெம்பில்ல சகாவே. அத நாளைக்கி வச்சுக்கிடுதேன்" என்றாள் சுதர்மா.

சிங்கம் ஒன்றாம் தேதி காலை கம்பெனிச் சங்கு ஊதியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சோற்றுப் பாத்திரமும் சாம்பல் பொட்டலமுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். ஜகதம்மா என் கடை முன்னால் நின்று மேலே பார்த்துக் கத்தினாள். "ஏட்டி, எறங்கி வாட்டி! கேட்டு வரைக்குமாவது எங்கூட நட!" ஜன்னலில் யாரும் வரவில்லை. உள்ளே இரண்டு விரல் டக் டக் என்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பதினோரு மணிக்கு சுதர்மா இறங்கி வந்தாள். வந்ததும் முடியலை என்று சொல்லவில்லை. பென் டிரைவைக் கொடுத்து, "மூணு காப்பி போடுங்க. கம்பெனிக்கு ஒண்ணு, மேடத்துக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு" என்றாள். கோப்பின் பெயர் 'ஒன்பது பேர்'. ஒரே பக்கம். இரண்டாயிரத்து ஒன்பது ஒப்பந்தத்தின் ஆறாவது ஷரத்தைச் சங்கம் கவனக்குறைவாக எழுதியது. அதனால் கீழ்க்கண்ட ஒன்பது பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் கல்ஃபில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், மீதி ஆறு பேரை உடனே எடுக்க வேண்டும். கீழே செயலாளர் கையெழுத்துக்கு இடம். பெயர்ப் பட்டியலில் ஐந்தாவதாக அவள் பெயர் இருந்தது.

"சகாவு இதுல கையெழுத்துப் போடுவாரா?"

"பேனா மூடியக் கழத்திட்டு உக்காந்திருக்காரு."

"எடுத்தா நீ போவியா? இந்தக் கைய வச்சிக்கிட்டு?"

"போவமாட்டேன் அண்ணாச்சி. ஆனா போவமாட்டேன்னு நான்தான் சொல்லணும். எனக்குப் பதிலா வேற யாரும் எழுதக் கூடாது."

மூன்று பிரதியும் சூடாக வெளியே வந்தன. பழக்க தோஷத்தில் கேட்டேன். "ஒருக்க ஒத்துப்பாத்துரட்டுமா?"

"எதோட அண்ணாச்சி? இது வெறும் பக்கத்துல இருந்து அடிச்சது."

காகிதத்தை வாங்கிக்கொண்டு பதினாலு படியும் ஏறிப் போனாள்.